டிரைவ் தெரிகிறது, டிஸ்க் தெரியவில்லை

விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்தால் டிவிடி டிரைவ் சரியாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்வியைவிட அதற்கு முன்னால் நீங்கள் எழுதியிருக்கும் விவரங்கள்தான் முக்கியம். டிரைவ் கணினியில் தெரிகிறது. தட்டு ஒழுங்காகத் திறந்து மூடுகிறது. கடையில் வாங்கிய பட டிவிடிகள் ஓடுகின்றன. 2007, 2008 வாக்கில் நீங்களே ரைட் செய்த போட்டோ சிடிகளைப் போட்டால் மட்டும் கொஞ்ச நேரம் சுற்றுகிற சத்தம் கேட்கிறது, அப்புறம் நின்றுவிடுகிறது, திரையில் 'டிரைவில் டிஸ்கைச் செருகவும்' என்று வருகிறது. டிரைவை இயக்க உதவும் டிரைவர் மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி போட்டும் பலனில்லை. ஆக, உங்களுக்குத் தெரிய வேண்டியது இரண்டு விஷயம். கெட்டது டிரைவா, சிடியா? அந்தப் போட்டோக்கள் திரும்பக் கிடைக்குமா?

விண்டோஸைத் தொடாதீர்கள். இதை உறுதியாகவே சொல்கிறேன். பல வருஷமாகக் கணினி பழுது பார்ப்பவன் நான். ஒரு டிரைவ் சில டிஸ்கைப் படித்து, சிலதைப் படிக்காமல் விடும்போது, விண்டோஸை மாற்றிப் போட்டுச் சரியானதை நான் பார்த்ததில்லை. காரணமும் எளிதுதான். டிரைவ் கணினியில் தெரிகிறது என்றால், அதற்குள் இருக்கும் மின்பலகை கணினிக்குப் பதில் சொல்கிறது என்று மட்டுமே அர்த்தம். மின்சாரம் போகிறது, கேபிள் சரி, டிரைவர் மென்பொருள் சரி. அவ்வளவுதான். டிஸ்க் உள்ளே இருக்கிறதா இல்லையா என்பதை விண்டோஸ் நேராகப் பார்ப்பதில்லை. டிரைவிடம் கேட்கிறது. டிரைவ் தேடிப் பார்த்துவிட்டு 'ஒன்றும் இல்லை' என்கிறது. அந்தப் பதிலைத்தான் விண்டோஸ் உங்களுக்குத் திருப்பிச் சொல்கிறது.

அப்படியென்றால் டிரைவ் எதைத் தேடுகிறது? தட்டு உள்ளே போனதும் அடியில் இருக்கும் சின்ன லென்ஸ் மேலும் கீழுமாக அசைந்து, லேசர் ஒளியை டிஸ்கின் மேல் குவியவைக்கப் பார்க்கும். திரும்பி வரும் ஒளியின் அளவைப் பார்த்துத்தான், உள்ளே டிஸ்க் இருக்கிறதா, அது சிடியா டிவிடியா என்றெல்லாம் டிரைவ் முடிவு செய்கிறது. குவியம் கிடைத்ததும் டிஸ்கின் உள்விளிம்புக்குப் போய் அங்கே எழுதப்பட்டிருக்கும் பொருளடக்கத்தைப் படிக்கும். சிடியில் எல்லாமே நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத்தான் எழுதப்படுகிறது. இந்த முதல் சில விநாடிகளில் ஏதோ ஒரு படி தவறினால், இரண்டு மூன்று முறை முயன்றுவிட்டு டிரைவ் கைவிட்டுவிடும். நீங்கள் கேட்ட 'சுற்றி, நின்று, மறுபடி சுற்றி' என்ற சத்தம் இதுதான். போட்டோ இருக்கும் இடம் வரைக்கும் அது போகவே இல்லை. முதல் பக்கத்திலேயே தடுக்கி விழுகிறது.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். டிவிடி ஓடுகிறது, சிடி ஓடவில்லை, ஆகவே சிடிதான் கெட்டது என்று நினைக்கத் தோன்றும். அப்படி முடிவு கட்ட முடியாது. வெளியே ஒரே டிரைவாகத் தெரிந்தாலும், உள்ளே பொதுவாக இரண்டு லேசர்கள் இருக்கும். சிடிக்கு 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு, டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு. புளூரே டிரைவாக இருந்தால் மூன்றாவதாக 405 நானோமீட்டர் நீலஊதா. ஒன்று செத்துப்போய் மற்றொன்று நன்றாக வேலை செய்வது மிகச் சாதாரணம். அதனால் உங்கள் சிடிகள் எல்லாம் நல்லபடியாகவே இருந்து, சிடி லேசர் மட்டும் ஓய்ந்துபோயிருக்கலாம். அல்லது லேசர் நன்றாக இருந்து, சிடிகள் வயதாகிப் போயிருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். நீங்கள் எழுதியதை மட்டும் வைத்து என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பிரித்துக் காட்டுவது ஒரு சின்னச் சோதனை. வீட்டில் தேடி, கடையில் வாங்கிய பாட்டு சிடி ஒன்று, இல்லையென்றால் பழைய பிரிண்டரோடு வந்த மென்பொருள் சிடி ஒன்று எடுங்கள். யாரும் ரைட் செய்யாத, தொழிற்சாலையில் அச்சிட்ட சிடியாக இருக்க வேண்டும். அடிப்பக்கம் சுத்த வெள்ளியாகத் தெரிந்தால் அச்சிட்டது என்று கொள்ளலாம். பச்சை, நீலம், வெளிர் தங்கம் என்று சாயல் அடித்தால் ரைட் செய்தது. அந்த வெள்ளி சிடியும் படிக்கவில்லை என்றால் டிரைவின் சிடி பக்கத்தில்தான் கோளாறு. இன்னும் ஒன்றிரண்டு வெள்ளி சிடிகளைப் போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், போதும். வெள்ளி சிடி சட்டென்று திறந்துகொண்டால், சந்தேகம் உங்கள் போட்டோ சிடிகளின் மேல் திரும்புகிறது. அப்போது அதே போட்டோ சிடியை வேறு ஒருவரின் கணினியில், முடிந்தால் பழைய டிவிடி ரைட்டர் ஒன்றில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் திறக்கவில்லை என்றால் சிடிதான். அங்கே திறந்தால் கதை கொஞ்சம் சிக்கல்: சிடியும் மங்கியிருக்கிறது, உங்கள் டிரைவின் கண்ணும் மங்கியிருக்கிறது. இரண்டு அரைக் கோளாறு சேர்ந்து ஒரு முழுக் கோளாறாகியிருக்கிறது. நான் அதிகம் பார்ப்பது இந்த வகையைத்தான்.

கண் மங்கியதை முதலில் காட்டிக்கொடுப்பவை மறுபடி மறுபடி எழுதக்கூடிய ஆர்டபிள்யூ டிஸ்குகள். அச்சிட்ட சிடி தன்மேல் விழும் ஒளியில் 70 சதவீதம் போலத் திருப்பி அனுப்பும். சிடி-ஆர்டபிள்யூ அனுப்புவது 15 முதல் 25 சதவீதம்தான். தகவலை இரண்டு அடுக்காகப் பதிந்த இரட்டை அடுக்கு டிவிடிகளும் இப்படிக் குறைவாகவே திருப்பித் தரும். உங்கள் பட டிவிடி ஒன்றைப் போட்டு, வலது சொடுக்கில் அதன் கொள்ளளவைப் பாருங்கள். 4.7 ஜிபிக்கு மேல் காட்டினால் அது இரட்டை அடுக்கு. அதுவும் தடங்கல் இல்லாமல் கடைசி வரைக்கும் ஓடுகிறது என்றால், டிவிடி லேசரும் லென்ஸும் நல்ல நிலையில் இருக்கின்றன என்று தைரியமாகச் சொல்லலாம். பொதுவாக லென்ஸ் இரண்டுக்கும் ஒன்றுதான் என்பதால், தூசியின் மேல் பழி போடுவதற்கும் அப்போது காரணம் குறைந்துவிடும்.

தூசிதான் காரணமாக இருந்தால் அதைவிட மலிவான வைத்தியம் இல்லை என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். லேப்டாப் டிரைவில் தட்டை வெளியே இழுத்தாலே லென்ஸ் தெரியும். உளுந்தைவிடக் கொஞ்சம் பெரிய, நீலச் சாயலடிக்கும் கண்ணாடிப் பொட்டு மாதிரி இருக்கும். முடிபோன்ற மெல்லிய கம்பிகளில் தொங்கிக்கொண்டிருப்பதால் தொட்டால் ஆடும். கணினியை அணைத்துவிட்டு, முதலில் ரப்பர் ஊதுகுழலால் இரண்டு முறை ஊதுங்கள். வாயால் ஊத வேண்டாம், எச்சில் தெறிக்கும். அப்புறம் பஞ்சுக் குச்சியில் ஒரு சொட்டு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்து, தூங்குகிற குழந்தையின் இமையைத் துடைக்கிற மாதிரி ஒரே ஒரு வட்டம். அழுத்தினால் அந்தக் கம்பிகள் வளைந்துவிடும், அதோடு டிரைவ் போச்சு. நகப்பூச்சு அழிக்கிற திரவம் கூடவே கூடாது, லென்ஸ் பல டிரைவ்களில் பிளாஸ்டிக்தான். மேசைக் கணினி டிரைவ் என்றால் கழற்றி, அடியில் இருக்கும் நான்கு திருகுகளை எடுத்து, முன்பக்கத்து ஊசித்துளையில் நிமிர்த்திய காகிதக் கிளிப்பை விட்டுத் தட்டைத் தள்ளித்தான் திறக்க வேண்டும். மூடி திறந்திருக்கும்போது மின்சாரம் கொடுத்து எட்டிப் பார்க்காதீர்கள். சிடி லேசர் அகச்சிவப்பு என்பதால் எரிவது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும்.

சின்ன பிரஷ் ஒட்டிய 'லென்ஸ் கிளீனர்' டிஸ்குகள் பற்றியும் பலர் கேட்பார்கள். உலர்ந்த தூசிக்குச் சில நேரம் உதவும். சமையல் புகையும் சிகரெட் புகையும் படிந்த பிசுக்கை அது தேய்த்துப் பரப்பத்தான் செய்யும். லேசருக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டித் திருகைத் திருப்பி ஒளியைக் கூட்டச் சொல்லும் வீடியோக்களும் உண்டு. நானும் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு டிரைவில் செய்து பார்த்தேன். அடடா, என்ன அற்புதம், எல்லா சிடியும் படித்தது. இரண்டு வாரம். அதற்குப் பிறகு எதையும் படிக்கவில்லை. ஓய்ந்த லேசரை அடித்து ஓட்டுகிற வேலை அது.

சரி, டிரைவ் நன்றாக இருந்து சிடிதான் சந்தேகம் என்று வந்தால்? ரைட் செய்த சிடியில் தகவல் உட்கார்ந்திருப்பது ஒரு சாயப் படலத்தில். அதன் மேல் மெல்லிய உலோகப் பூச்சு, அதற்கு மேல் ஒரு அரக்குப் பூச்சு, அதற்கு மேல் நீங்கள் பெயர் எழுதும் பக்கம். பலர் அடிப்பக்கத்தைக் கண்ணும் கருத்துமாகப் பாதுகாத்து, மேல்பக்கத்தைக் கவிழ்த்துப் போட்டுத் தேய்ப்பார்கள். உண்மையில் ஆபத்து மேலேதான். அடியில் ஒரு மில்லிமீட்டருக்கும் கூடுதலான தடிமனில் பிளாஸ்டிக் கவசம் இருக்கிறது. லேசர் அந்தப் பரப்பில் நுழையும்போது கிட்டத்தட்ட 0.8 மில்லிமீட்டர் அகலமாக இருந்து, உள்ளே போகப் போகத்தான் கூர்மையாகிறது. அதனால் அடியில் இருக்கும் தூசியும் சன்னக் கீறலும் அதற்கு மங்கலாகவே தெரியும். மேல்பக்கத்துக் கீறல் அப்படி இல்லை, நேராகத் தகவலையே சுரண்டிவிடும். ஒரு தலைமுடித் தடிமனுக்குள் தகவல் வரிசையாக எழுதப்பட்டிருக்கும் சிடியின் தடங்கள் நாற்பதுக்கு மேல் அடங்கிவிடும் என்பதை நினைத்துக்கொண்டு அந்தக் கீறலைப் பாருங்கள்.

உங்கள் சிடியை ஒரு விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். லேசாக ஒளி ஊடுருவுவது ரைட் செய்த சிடியில் இயல்புதான். ஊசி குத்தினாற்போல் பளிச்சென்று ஓட்டைகள் தெரிந்தாலோ, விளிம்பில் வெள்ளிப் பூச்சு உரிந்திருந்தாலோ, அந்த இடத்துத் தகவல் போய்விட்டது. அதற்கு எந்த மருந்தும் இல்லை. ஓட்டை வெளிவிளிம்பில் இருந்தால் பாதகமில்லை, உள்விளிம்பில் இருந்தால் முழு சிடியும் திறக்காது. சாயம் மங்கிய சிடியோ கண்ணுக்கு நன்றாகவே தெரியும், இருந்தாலும் படிக்காது. வெயில் படும் அலமாரி, காரின் உள்பக்கம் போன்ற இடங்களில் கிடந்தவை சீக்கிரம் போகின்றன. காகித ஸ்டிக்கர் ஒட்டியவை இன்னொரு ரகம். ஸ்டிக்கர் ஒரு பக்கம் சுருங்கி சிடி வளையும், வேகமாகச் சுற்றும்போது அதிரும். ஸ்டிக்கரைப் பிய்க்காதீர்கள், வெள்ளிப் பூச்சும் சேர்ந்து வந்துவிடும்.

இன்னொரு காரணத்தையும் மறக்க வேண்டாம். சிடி கெடவே இல்லை, ரைட் செய்தபோது முடித்து மூடப்படவில்லை. அந்தக் காலத்து ரைட்டிங் மென்பொருள்களில் 'பிற்பாடு மேலும் சேர்க்கலாம்' என்று ஒரு வாய்ப்பு இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்து பாதியில் நின்றிருந்தால், நான் மேலே சொன்ன பொருளடக்கம் உள்விளிம்பில் எழுதப்பட்டிருக்காது. ரைட் செய்த அதே டிரைவில் தெரியும், மற்றதில் வெற்று சிடி என்று வரும் அல்லது எதுவுமே வராது. உங்கள் பழைய கணினி எங்கேயாவது பரணில் இருந்தால் அதன் டிரைவை எடுத்துப் பார்ப்பது வீண் வேலையில்லை. வீடியோ ரெக்கார்டரிலும் கேம்கார்டரிலும் பதிந்த டிவிடிகளில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். அந்தச் சாதனத்திலேயே போட்டு 'ஃபைனலைஸ்', அதாவது முடித்து மூடும் கட்டளை, கொடுத்தால் எங்கும் திறக்கும்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சில வரிகள், ஏனென்றால் 'டிஸ்க் தெரியவில்லை' என்று சொல்பவர்கள் எல்லோருக்கும் ஒரே கோளாறு இல்லை. டிரைவே கணினியில் காணாமல் போயிருந்தால் அது வேறு வழக்கு. கணினியைப் போட்டதும் விண்டோஸுக்கு முன்பே வரும் பயாஸ் அமைப்புத் திரையிலும் காணோம் என்றால் கேபிளைக் கழற்றி மாட்டுங்கள். பயாஸில் இருந்து, கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணத்தோடு 19, 39, 41 என்ற பிழை எண் ஏதாவது காட்டினால், அங்கே உண்மையிலேயே மென்பொருள் கோளாறு. விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் சிடி டிரைவ் வகைக்குரிய இடத்தில் பழைய ரைட்டிங் மென்பொருள் விட்டுப்போன அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் என்ற இரண்டு பதிவுகளைக் காப்பி எடுத்து வைத்துவிட்டு அழித்தால் பெரும்பாலும் சரியாகும். யுஎஸ்பியில் மாட்டும் டிரைவ் டிஸ்கைச் சுழற்ற முயன்று 'டிக்' என்று நின்றுகொண்டே இருந்தால் முதலில் மின்சாரத்தைச் சந்தேகப்படுங்கள். யுஎஸ்பி 2.0 துளை 500 மில்லிஆம்பியர்தான் தர வேண்டும் என்பது விதி. டிஸ்கைக் கிளப்பும் அந்த ஒரு நொடிக்கு டிரைவ் அதைவிட அதிகம் கேட்கும். ஒரு துளையைப் பலவாகப் பிரிக்கும் ஹப்பை நீக்கிவிட்டு நேராகக் கணினியின் பின்பக்கத் துளையில் மாட்டினாலே பாதி டிரைவ்கள் பிழைத்துக்கொள்ளும். விண்டோஸ் 8 முதல் பட டிவிடி ஓட்டும் வசதி விண்டோஸோடு வருவதில்லை, அதனால் கோப்புகள் தெரிந்தும் படம் ஓடாவிட்டால் விஎல்சி என்ற பட மென்பொருளைப் போட்டுப் பாருங்கள், டிரைவைத் திட்டாதீர்கள். சொன்னால் சிரிப்பீர்கள், புது டிஸ்க் டப்பாவின் மேலே காப்புக்காக வைத்திருக்கும் ஒளி ஊடுருவும் வெறும் பிளாஸ்டிக் வட்டை டிரைவில் போட்டுவிட்டு 'படிக்கவில்லை' என்று கொண்டுவந்தவர்கள் எனக்கு இதுவரை மூன்று பேர்.

இனி உங்கள் போட்டோக்கள். முதலில் சிடியைத் துடையுங்கள். மென்மையான பருத்தித் துணியால், நடுத்துளையிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில். வட்டமாகத் துடைக்கக் கூடாது. சிடியில் பிழை திருத்தும் ஏற்பாடு ஒன்று உண்டு, தடத்தில் தொடர்ச்சியாக 2.5 மில்லிமீட்டர் வரைக்கும் காணாமல் போனாலும் கணக்குப் போட்டு நிரப்பிவிடும். குறுக்கே விழும் கீறல் ஒவ்வொரு தடத்திலும் கொஞ்சமே தொடும், தாங்கிக்கொள்ளும். தடத்தின் கூடவே வட்டமாக ஓடும் கீறல் அந்த எல்லையைச் சுலபமாகத் தாண்டிவிடும். பற்பசை வைத்தியம் அடிப்பக்கக் கீறலுக்கு எப்போதாவது பலிக்கும், ஆனால் மற்ற எல்லாம் தோற்ற பிறகு, உயிர் போன சிடியில் மட்டும். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிக்கும் என்பது பழுது பார்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதனால் உறவினர், நண்பர் என்று மூன்று நான்கு டிரைவ்களில் போட்டுப் பார்த்துவிட்டே நம்பிக்கையை விடுங்கள்.

எந்த டிரைவிலாவது திறந்துவிட்டால், போட்டோவை ஒவ்வொன்றாகத் திறந்து ரசிக்க ஆரம்பிக்காதீர்கள். அப்போதே மொத்தமாக ஹார்டு டிஸ்குக்கு நகலெடுங்கள், அதுவரை சிடியை வெளியே எடுக்கவும் வேண்டாம். அடுத்த முறை திறக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நகலெடுக்கும்போது பாதியில் மாட்டிக்கொண்டால் விண்டோஸின் காப்பி பிழை காட்டி நிறுத்திவிடும். அந்த இடத்தில் ஐசோபஸ்டர் போன்ற மென்பொருளோ, லினக்ஸில் டிடிரெஸ்க்யூவோ வேண்டும். படிக்க முடிந்ததையெல்லாம் முதலில் எடுத்துவிட்டு, அடம்பிடிக்கும் இடத்துக்கு டிடிரெஸ்க்யூ பிறகு திரும்பி வரும். பல தவணையாக ரைட் செய்த சிடி என்றால் விண்டோஸ் கடைசித் தவணையை மட்டும் காட்டக்கூடும். ஐசோபஸ்டரில் முந்தைய தவணைகளும் தனித்தனியாகத் தெரியும். 'எல்லாம் அழிந்துவிட்டது' என்று கொண்டுவந்த சிடியில் இப்படி முந்தைய தவணைகளை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஒன்றே ஒன்று, நடுத்துளையை ஒட்டி விரிசல் விட்ட சிடியை எந்த டிரைவிலும் போடாதீர்கள். 52 மடங்கு வேகத்தில் நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்கு மேல் போகும், உள்ளேயே நொறுங்கிவிடும். அப்புறம் சிடியும் இல்லை, டிரைவும் இல்லை.

வெள்ளி சிடியைப் போட்டுப் பார்த்து என்ன ஆனது என்று எழுதுங்கள். போட்டோ சிடியின் அடிப்பக்கம் என்ன நிறம், சத்தம் எத்தனை முறை கேட்டு நிற்கிறது என்பதையும் சேர்த்து எழுதினால், டிரைவைத் திறந்து துடைப்பதா, வேறு டிரைவ் தேடுவதா என்று பிரித்துச் சொல்ல முடியும்.